வாயில் யாருக்காகக் கட்டப்பட்டது?

வட ஜெர்மனியில் லூபெக்கின் பழைய நகரத்தின் மேற்கு விளிம்பில் நிற்கிற ஹோல்ஸ்டன் வாயிலின் வெளிச்சுவர் 3.5 மீட்டர் கனம். அதே கட்டடத்தில் ஊரைப் பார்த்த சுவர் ஒரு மீட்டர்கூட இல்லை. வெளிப்பக்கம் பீரங்கித் துளைகள்; உட்பக்கம் வரிசை வரிசையாகச் சன்னல்கள். 1464இல் தொடங்கி 1478இல் இதை முடித்தவர்களுக்கு எதிரி எந்தத் திசையிலிருந்து வருவான் என்பதில் சந்தேகமே இல்லை. கூடவே இன்னொரு கவலையும் இருந்தது. வாயில் எதிரியின் கையில் சிக்கிவிட்டால், அதை ஊருக்குள்ளிருந்தே அடித்து உடைக்க முடிய வேண்டும். மெல்லிய உட்சுவர் செலவுச் சிக்கனம் மட்டுமல்ல, முன்யோசனையும்கூட.

ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில் பேரே பலாகேர் என்ற கொத்தனார் 1392க்கும் 1398க்கும் இடையே கட்டிய செரானோஸ் கோபுரங்களில் இந்த யோசனை இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பல பட்டைகள் கொண்ட இரண்டு பெரும் கற்கோபுரங்கள். ஊருக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால் பின்சுவரே கிடையாது. வளைவு வளைவான கூரையுடைய மாடங்கள் திறந்தபடி நிற்கின்றன. பிடித்தவன் அதற்குள் ஒளிந்துகொள்ள வழியில்லை.

இப்படிப் பார்த்தால் இடைக்கால நகர வாயில் ஒரு போர்க் கருவி என்று முடிவுகட்டத் தோன்றும். பள்ளிக்கூடப் புத்தகங்களும் சுற்றுலா வழிகாட்டிகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் அந்த முடிவுக்கு இடையூறாகச் சில செய்திகள் குறுக்கே நிற்கின்றன. ஹோல்ஸ்டன் வாயிலின் பீரங்கிகள் எதிரியை நோக்கி ஒருமுறைகூட வெடித்ததில்லை. வலென்சியாவின் கோபுரங்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சிறைச்சாலையாக இருந்தன. அப்படியானால் இவ்வளவு பணத்தையும் கல்லையும் கொட்டி இந்த வாயில்களை எதற்காகக் கட்டினார்கள்? காவலுக்கா, வசூலுக்கா, பகட்டுக்கா?

முதலில் காவல். மதிலைக் கட்டுகிறவனுக்கு வாயில் என்பது வேண்டாத தொல்லை. எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் வண்டியும் மாடும் மனிதர்களும் போய்வர ஓர் ஓட்டை விட்டாக வேண்டும். அந்த ஓட்டையைச் சுற்றித்தான் இடைக்காலக் கோட்டைக்கலை தன் மூளையையெல்லாம் செலவழித்தது. அகழியின்மேல் தூக்குப்பாலம். அதைத் தாண்டியதும், வாயிலுக்கு முன்னால் தனியாக நீட்டிக் கட்டிய முன்கோட்டை. பிறகு மேலிருந்து செங்குத்தாக இறங்கும் இரும்பு முனை வைத்த கிராதிக் கதவு. கயிற்றை அறுத்தால் போதும், தன் பாரத்தாலேயே விழும். அதற்குப் பின்னால் நடைவழியின் கூரையில் துளைகள். அவற்றின் வழியே கல் விழும், சுடுமணல் விழும், எதிரி தீ மூட்டினால் அதை அணைக்கத் தண்ணீரும் கொட்டும். கடைசியில் இரும்புப் பட்டை அடித்த இரட்டைக் கதவும், அதற்குக் குறுக்கே சுவருக்குள்ளிருந்து இழுத்துப் போடும் கணையமரமும். நம்மூர்ச் சிறைச்சாலைக் கதவுகளில் இன்றும் பார்க்கிற திட்டிவாசல் அங்கேயும் உண்டு. இரவில் ஓர் ஆளை உள்ளே விடுவதற்காகப் பெரிய கதவைத் திறப்பது முட்டாள்தனம்.

மேற்காசியாவில் இதைவிடத் தந்திரமான ஒரு வழி பழக்கத்தில் இருந்தது. வழியை நேராக விடாமல் வளைப்பது. 762இல் கலீபா அல்-மன்சூர் கட்டத் தொடங்கிய பாக்தாதின் வட்ட நகரத்திலேயே வாயில் வழி வளைந்து சென்றது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சலாதீனின் மகன் அல்-ஸாஹிர் காஸி அலெப்போவின் உள்கோட்டை வாயிலைத் திரும்பத் திரும்ப மடியும் வழியாக அமைத்தார். தாக்க வருபவன் வேகமெடுக்க முடியாது. இடிமரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவனுடைய விலாப்பக்கம் மேலிருப்பவனுக்குக் காட்சி தரும். தக்காணத்தில் கவலை வேறு வகை: யானை. கோல்கொண்டாவின் ஃபதே தர்வாசாக் கதவில் நீண்டு நிற்கும் இரும்பு முட்கள், யானை நெற்றியால் முட்டித் தள்ளாமல் இருக்க அடித்தவை.

இத்தனை ஏற்பாடுகளும் பலித்தனவா? பலித்தன என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். புகழ்பெற்ற முற்றுகைகள் சிலவற்றில் வாயிலைத் திறந்தது இடிமரம் அல்ல, உள்ளிருந்த கை. 1097 அக்டோபரில் அந்தியோக்கியாவை வளைத்த சிலுவைப் போர்ப் படை எட்டு மாதம் மதிலைப் பார்த்தபடி பட்டினி கிடந்தது. 1098 ஜூனில் ஃபிரூஸ் என்ற கவசக்காரர் தன் பொறுப்பில் இருந்த கோபுரத்தில் ஏணி ஏற விட்டார். ஏறியவர்கள் வாயிலைத் திறந்தார்கள். 1687இல் கோல்கொண்டாவை வளைத்த ஔரங்கசீப்புக்கும் ஏறக்குறைய எட்டு மாதம்தான் ஆயிற்று. பீரங்கியும் சுரங்கமும் செய்ய முடியாததை விலைபோன ஓர் அதிகாரி ஒரே இரவில் செய்தார். கான்ஸ்டாண்டினோபிளின் மும்மடங்கு மதில் 1453இல் விழுந்தபோது, தாழிட மறந்த ஒரு சின்னக் கதவு வழியே துருக்கியர் புகுந்தனர் என்றொரு கதை உலவுகிறது. சமகாலத்தவர்களில் டூக்காஸ் ஒருவர் மட்டுமே அதை எழுதியிருக்கிறார் என்பதால் பலர் நம்புவதில்லை. நம்புகிறோமோ இல்லையோ, அந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் உண்டு. வாயிலைப் பற்றிய அச்சம் எப்போதும் ஆளைப் பற்றிய அச்சமாகவே இருந்தது.

இதைவிட முக்கியம், போர் நடக்காத நாட்கள். ஒரு நகரத்தின் ஆயுளில் முற்றுகை நாட்கள் சில நூறு என்றால், மற்ற நாட்கள் பல்லாயிரம். அந்தப் பல்லாயிரம் நாட்களிலும் வாயில் சும்மா இருக்கவில்லை. விடியலில் திறந்தது, அந்தியில் சாத்தியது. வந்த சரக்குக்குச் சுங்கம் வாங்கியது. யார் வெளியூரான், யார் உள்ளூரான் என்று பிரித்தது. ஹாம்பர்க் நகரத்தில் இருட்டிய பின் உள்ளே நுழைய வேண்டுமானால் காசு கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் 1860ஆம் ஆண்டின் கடைசி நாள்வரை நடந்தது. ரயிலும் தந்தியும் வந்துவிட்ட ஒரு நூற்றாண்டில், மாலை நேரத்தில் வாயிலை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போகும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். எதிரி எவனும் வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். வசூல் மட்டும் நிற்கவில்லை.

தண்டனையின் மேடையும் வாயில்தான். இங்கிலாந்தின் யார்க் நகரத்துக்கு லண்டன் சாலை நுழையுமிடம் மிக்கிள்கேட் வாயில். 1460 டிசம்பரில் வேக்ஃபீல்டு போரில் மாண்ட யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையை, காகிதக் கிரீடம் சூட்டி, அதன்மேல் வைத்தார்கள் அவருடைய பகைவர்கள். மூன்று மாதத்தில் டௌட்டன் போரில் அவருடைய மகன் எட்வர்டு வென்றார். தந்தையின் தலையை இறக்கிவிட்டு அதே இடத்தில் பகைவர்களின் தலைகளை ஏற்றினார். அரசு கைமாறிய செய்தியை ஊருக்குச் சொல்ல வேறு அறிவிப்பு தேவைப்படவில்லை. கெய்ரோவின் பாப் சுவைலா வாயிலில் 1517இல் உஸ்மானிய சுல்தான் செலீம், மம்லூக்குகளின் கடைசி சுல்தான் தூமான் பேயைத் தூக்கிலிட்டார். எகிப்து இனி யாருடையது என்பதைச் சந்தைக்கு வந்தவர்கள் அன்று நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

கெய்ரோவின் வாயில்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஃபாத்திமியக் கலீபா அல்-முஸ்தன்ஸிரின் காலத்தில் பஞ்சமும் படைக் கலகமும் நாட்டைக் கந்தலாக்கியிருந்தன. அதை நிமிர்த்த அழைக்கப்பட்டவர் ஆர்மீனிய வம்சாவளித் தளபதி பத்ர் அல்-ஜமாலி. செல்ஜுக் படை ஒன்று 1077இல் எகிப்துவரை வந்து திரும்பியிருந்தது. பழைய செங்கல் மதிலை நம்பிப் பயனில்லை என்று முடிவுசெய்து கல்லில் கட்டினார். பாப் அல்-நஸ்ர், பாப் அல்-ஃபுதூஹ் இரண்டும் 1087இல், பாப் சுவைலா 1092இல் எழுந்தன. எடெஸ்ஸாவிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் ஆளுக்கு ஒன்றாகக் கட்டினார்கள் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதியிருக்கிறார். பாப் அல்-நஸ்ரின் சதுரக் கோபுரங்களில் கேடயங்களைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கல்லில் செதுக்கிய கேடயம் ஓர் அம்பையும் தடுக்காது. அது பார்ப்பவனுக்காகச் செய்தது: உள்ளே இருப்பவர்கள் தயார் என்று அவனுக்குச் சொல்ல. போர்க் கட்டடத்தின் உச்சத்தில்கூடப் பகட்டு எட்டிப் பார்க்கிறது என்பதற்கு அந்தக் கேடயங்களைவிட நல்ல சான்று கிடைக்காது.

இங்கிலாந்தில் இந்த விவாதம் கோட்டைகளை வைத்து நடந்தது. 1385இல் மன்னரின் அனுமதி பெற்றுக் கட்டிய பாடியம் கோட்டையைப் பல தலைமுறை ஆய்வாளர்கள் பிரெஞ்சுக்காரர்களைத் தடுக்கக் கட்டிய அரண் என்றே எழுதிவந்தார்கள். சார்லஸ் கூல்சன் போன்றவர்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைப் புரட்டிப் போட்டார்கள். மதிலில் ஞாயில் வைத்துக் கட்ட அனுமதி கேட்பது பாதுகாப்புக்காக என்பதைவிட அந்தஸ்துக்காக என்பது அவர்கள் வாதம். எதிர்வாதமும் ஓயவில்லை. நகர வாயில்களைப் பொறுத்தவரை இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறான கேள்வி. கோட்டையில் இருப்பது ஒரு பிரபு. நகரத்தில் இருப்பது வணிகர் சபை. அச்சுறுத்துவது வணிகருக்குச் செலவு மிச்சம். ஆனால் அச்சுறுத்தப்பட்டவன் மறுநாள் சரக்கோடு வரவும் வேண்டும்.

லூபெக் இதற்குப் பொருத்தமான உதாரணம். ட்ராவ, வாக்கெனிட்ஸ் ஆறுகளுக்கு நடுவே தீவாகக் கிடக்கும் ஊர். 1226இல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட தன்னாட்சி நகரமாயிற்று. பிறகு ஹன்சா வணிகக் கூட்டணியின் தலைநகரம்போல வளர்ந்தது. லூனெபர்க் உப்பு தெற்கிலிருந்து வந்து, இங்கே கப்பலேறி, ஸ்காண்டிநேவிய ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்தப் போயிற்று. உப்புக் கிடங்குகள் இன்றும் ஹோல்ஸ்டன் வாயிலுக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. ஊருக்கு அப்போது நான்கு பெரிய வாயில்கள் இருந்தன. வடக்கே பர்க், தெற்கே மில், கிழக்கே ஹ்யூக்ஸ்டர், மேற்கே ஹோல்ஸ்டன். ஹாம்பர்க் சாலையைப் பார்த்த இந்த மேற்கு வாயிலைப் புதிதாக எழுப்ப, நகர மன்ற உறுப்பினர் யோஹான் ப்ரோலிங் உயிலில் விட்டுப்போன 4,000 மார்க் உதவியது. கட்டியவர் நகரக் கட்டட அதிகாரி ஹின்ரிக் ஹெல்ம்ஸ்டேடே.

கல் கிடைக்காத வட ஜெர்மனியில் எல்லாம் செங்கல். ஹெல்ம்ஸ்டேடே சிவப்புச் செங்கல் வரிசைகளுக்கு இடையே கரும்பச்சை மெருகேற்றிய செங்கல் வரிசைகளை மாற்றி மாற்றி வைத்தார். இரண்டு உருண்டைக் கோபுரங்கள், தலையில் கூம்புக் கூரை, நடுவே வழிவிடும் கட்டடம், சுற்றிலும் சுடுமண் சித்திரப் பட்டைகள். ஒவ்வொரு கோபுரத்திலும் மூன்று தளங்களில் பீரங்கி அறைகள். வெடிமருந்துக் காலத்துக்கென்றே திட்டமிட்ட கட்டடம் இது. அம்பெய்யும் பழைய வாயில்களை ஒட்டுப்போட்டது அல்ல. ஆனால் நிலம் சதுப்பு. கட்டிக்கொண்டிருக்கும்போதே தெற்குக் கோபுரம் இறங்கிச் சாயத் தொடங்கிற்று. மேலே கட்டும்போது சாய்வைச் சரிசெய்யப் பார்த்தார்கள், முழுக்க முடியவில்லை. கட்டடம் இறங்கியதாலும் சுற்றுநிலம் உயர்ந்ததாலும் அடித்தளத்துப் பீரங்கித் துளைகள் இன்று தரைமட்டத்துக்குக் கீழே இருக்கின்றன.

அதோடு முடியவில்லை. 1585இல் இந்த வாயிலுக்கு வெளியே இன்னொரு வாயில், 1621இல் அதற்கும் வெளியே இன்னொன்று. ஆற்றங்கரையில் ஏற்கெனவே இருந்த உள்வாயிலையும் சேர்த்தால் ஒரே சாலையில் நான்கு ஹோல்ஸ்டன் வாயில்கள். பீரங்கி வளர வளர, உயர்ந்த கோபுரம் பயனற்றுத் தாழ்ந்த மண்மேடுதான் காவல் என்றாகிவிட்டது. ஏறக்குறைய நூறாண்டில், ஹெல்ம்ஸ்டேடே கட்டிய இந்த நடுவாயில் போர்க்களத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. உண்மையான சோதனை 1806 நவம்பர் 6ஆம் தேதி வந்தபோது அது வந்த திசையே வேறு. தளபதி ப்ளூக்கரின் பிரஷ்யப் படை ஊருக்குள் புகுந்துகொள்ள, அதைத் துரத்திவந்த பிரெஞ்சுப் படை வடக்கே பர்க் வாயிலை உடைத்து நுழைந்து ஊரைச் சூறையாடியது. ஹோல்ஸ்டன் பீரங்கி அறைகளுக்கு அன்றும் வேலையில்லை.

போலந்தின் கிராக்கோவ் இதே காலத்தில் இதே கணக்கைப் போட்டது. 1241 தாத்தாரியப் படையெடுப்பின் அழிவுக்குப் பிறகு 1285இல் மதில் கட்ட அனுமதி கிடைத்தது. 1300ஐ ஒட்டி வடக்கே புனித ஃப்ளோரியன் வாயில் எழுந்தது. ஒவ்வொரு கோபுரமும் ஒரு தொழிற்குழுவின் பொறுப்பு. இந்த வாயில் மென்மயிர்த் தோல் தைப்பவர்களுடையது. புகோவினாவில் 1497இல் தோற்றுத் திரும்பிய மன்னர் யான் ஓல்ப்ராக்ட், துருக்கியர் வருவார்கள் என்ற பதற்றத்தில் அதன் முன்னால் வட்டமான முன்கோட்டை ஒன்றை 1498–99இல் கட்டுவித்தார். சுவர் மூன்று மீட்டர் கனம், 130 சுடுதுளைகள், ஏழு சிறு கோபுரங்கள். அழகான கட்டடம். ஆனால் அரசர்கள் முடிசூட வாவெல் குன்றுக்குப் போன ராஜபாட்டை அதன் வழியே தொடங்கியதால், அதன் பெரும்பாலான நாட்கள் ஊர்வலத்தை வரவேற்பதில் கழிந்தன.

பீரங்கியை நெஞ்சில் வாங்கிய இடைக்கால வாயில் வேண்டுமென்றால் மறுபடி வலென்சியாவுக்குத்தான் போக வேண்டும். 1441க்கும் 1460க்கும் இடையே எழுந்த குவார்ட் கோபுரங்களை 1808இல் மார்ஷல் மோன்செயின் பிரெஞ்சுப் படை தாக்கியது. ஊர் அந்த முறை தப்பியது. குண்டு விழுந்த குழிகளை யாரும் பூசவில்லை. முந்நூற்றைம்பது வயதான சுவர் நெப்போலியன் காலத்துப் பீரங்கிக்கு ஈடுகொடுத்தது என்பதை மறுக்க முடியாது. காவல் என்பது வெறும் நாடகம் என்று பேசுகிறவர்களுக்கு இந்தக் குழிகள் பதில் சொல்லும்.

அடுத்து வந்த எதிரி போக்குவரத்து. லண்டன் தன் பழைய வாயில்களை 1760ஐ ஒட்டி இடித்து விற்றது. யார்க் நகராட்சி 1800இல் மதிலை இடிக்கக் கிளம்பியது. ஓவியர் வில்லியம் எட்டி போன்றவர்கள் எதிர்த்து நின்றதால் நான்கு பெரிய வாயில்களும் பிழைத்தன. ஆனால் மிக்கிள்கேட்டின் முன்கோட்டை 1826இல் போய்விட்டது. இங்கிலாந்தில் நகர வாயிலின் முன்கோட்டை இன்று மிஞ்சியிருப்பது யார்க்கின் வாம்கேட்டில் மட்டும். கிராக்கோவில் மதிலை இடித்துக்கொண்டே வந்தவர்களைப் பேராசிரியர் ஃபெலிக்ஸ் ராத்வான்ஸ்கி 1817இல் தடுத்து நிறுத்தினார். வாயிலை எடுத்துவிட்டால் வடகாற்று நேராக ஊருக்குள் அடித்து, சளியும் வாதமும் பரவும் என்று மன்றத்தில் வாதாடினாராம். வரலாற்றுப் பெருமை பேசியிருந்தால் தோற்றிருப்பார்.

லூபெக்கிலும் இதே கதை. நான்கில் மூன்று ஹோல்ஸ்டன் வாயில்கள் 1808, 1828, 1853 ஆகிய ஆண்டுகளில் இடிக்கப்பட்டன. 1851இல் ரயில் நிலையம் பக்கத்திலேயே வந்தது. மிஞ்சிய வாயிலையும் எடுத்துவிடும்படி ஊர்க்காரர்களே மனுக் கொடுத்தார்கள். ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் ஃபோன் க்வாஸ்ட், பிரஷ்ய மன்னரின் ஆதரவோடு, அதைக் காப்பாற்ற முயன்றார். 1863இல் நகரப் பேரவை காக்கலாம் என்று முடிவெடுத்தபோது வித்தியாசம் ஒரே ஓட்டு. 1871இல் பழுதுபார்த்து முடித்தவர்கள் ஊர்ப்பக்கச் சுவரில் ரோமானிய பாணியில் நகரத்தின் பெயரையும் 1477, 1871 என்ற ஆண்டுகளையும் பொறித்தார்கள். முதல் ஆண்டு தவறு, முடிந்தது 1478இல். வெளிப்பக்கத்தில் உள்ளே ஒற்றுமை, வெளியே அமைதி என்று பொருள்படும் லத்தீன் வாசகம். அது 1585ஆம் ஆண்டு வெளிவாயிலிலிருந்து சுருக்கி எடுத்தது. 1933–34இல் சாய்வை நிறுத்த இரும்பும் கான்கிரீட்டும் உள்ளே போயின. கிராதிக் கதவு அப்போது புதிதாக வைத்தது. ஆட்சியில் இருந்த நாஜிகள் உள்ளறைகளைத் தங்கள் புகழ் மண்டபமாக்கினார்கள். 1950 முதல் அது நகர அருங்காட்சியகம். பிறகு 50 மார்க் நோட்டின் பின்பக்கத்திலும், 2006இல் இரண்டு யூரோ நாணயத்திலும் அது ஏறியது.

ஆக, இன்று நாம் பார்க்கிற வாயில் 15ஆம் நூற்றாண்டுக்காரர்கள் பார்த்த வாயில் அல்ல. அவர்கள் கண்ணுக்கு அது வரிசையில் ஒன்று. நமக்கு அது தனியாக நிற்கும் சின்னம். அதை மட்டும் வைத்து இடைக்காலத்தின் நோக்கத்தைப் படிப்பது ஆபத்தானது. எது மிஞ்சியது என்பதைத் தீர்மானித்தது இடைக்காலமல்ல, அதற்குப் பின்வந்தவர்கள். வலென்சியாவில் மதில் 1865இல் இடிந்தபோது செரானோஸ், குவார்ட் இரண்டும் சிறைகளாக இருந்ததால் பிழைத்தன. பாப் சுவைலாவின் கோபுரங்கள்மேல், அங்கிருந்த சிறையில் ஒருகாலத்தில் அடைபட்டிருந்த சுல்தான் அல்-முஅய்யத், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் பள்ளிவாசலின் இரண்டு மினாராக்களை ஏற்றிவிட்டார். பிறகு யார் அதன்மேல் கை வைப்பார்கள்? கிராக்கோவின் வாயிலுக்குக் காற்று, லூபெக்குக்கு ஒரே ஓட்டு.

காவல், வசூல், பகட்டு மூன்றும் ஒரே வளைவுக்குக் கீழே நடந்தன. ஆனால் சம அளவில் அல்ல. காவல் கட்டடத்துக்கு உருவம் கொடுத்தது, பகட்டு அலங்காரம் கொடுத்தது, வசூல் அதை நாள்தோறும் நடத்தியது. இவற்றில் ஆய்வாளர்கள் குறைவாகக் கவனித்தது வசூலைத்தான். சுவரின் கனத்தை அளப்பது எளிது. சுங்கக் கணக்கைப் படிப்பதற்குப் பழைய கையெழுத்தும் பழைய நாணய மதிப்பும் தெரிய வேண்டும். இந்த வாயில்கள் யாருக்காகக் கட்டப்பட்டன என்ற கேள்விக்கு அடுத்த நல்ல பதில் போர் வரலாற்றிலிருந்து வராது, நகர மன்றங்களின் கணக்குப் புத்தகங்களிலிருந்துதான் வரும்.